தண்ணி, துண்டு, ஆணி: சாதாரணச் சொல் ஸ்லாங் ஆவது எப்படி?

ஸ்லாங் என்ற சொல்லை நாம் ரொம்பத் தாராளமாகப் புழங்குகிறோம். மதுரைக்காரர் பேசினால் மதுரை ஸ்லாங், "ஏலே" என்று கூப்பிட்டால் நெல்லை ஸ்லாங். "வந்துச்சு", "போச்சு" என்று எழுதினால் அதுவும் ஸ்லாங். கெட்ட வார்த்தைக்கும் அதே பெயர்தான். இப்படி நாலைந்து விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டு, "ஸ்லாங் தமிழைக் கெடுக்கிறது" என்று ஒருவர் வருத்தப்படுகிறார். "அதுதானே உயிருள்ள தமிழ்" என்று இன்னொருவர் சண்டைக்கு வருகிறார். இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றித்தான் பேசுகிறார்களா என்பதே சந்தேகம்.

முதலில் இவற்றைப் பிரித்து வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் மாறுகிற பேச்சு வட்டார வழக்கு. "ஏனுங்க" என்று கோவைப் பக்கம் சொல்வதும் "ஏலே" என்று நெல்லையில் சொல்வதும் அதில் சேரும். எழுத்தில் "வந்தது" என்று இருப்பது வாயில் "வந்துச்சு" ஆவது பேச்சு வழக்கு. அங்கே பொருள் மாறுவதில்லை, ஒலிதான் மாறுகிறது. ஸ்லாங் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு சொல்லை ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் வேறு பொருளில் புழங்குகிறார்கள், பிறகு அது மெல்ல வெளியே பரவுகிறது. ஒலி அப்படியே இருக்க, பொருள் நகர்ந்துவிடுகிறது. புதிதாகவே உண்டாக்கிய சொற்களும் ஸ்லாங்கில் உண்டு. அவற்றை இங்கே தொடவில்லை.

இந்த நகர்வைப் பற்றி ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது: யாரோ குறும்புக்குச் சொன்னார்கள், ஒட்டிக்கொண்டது, மற்றபடி அதில் முறை எதுவும் கிடையாது என்று. இது தவறு. பழைய தமிழ்ச் சொற்கள் எந்த வழிகளில் புதுப்பொருள் பெற்றனவோ, அதே வழிகளில்தான் டீக்கடைச் சொற்களும் பெறுகின்றன. அந்த வழிகளும் அதிகமில்லை. பள்ளிக்கூட இலக்கணத்தில் அவற்றில் பலவற்றின் பெயரை ஏற்கெனவே படித்திருக்கிறோம்.

## துண்டு எங்கே கிடக்கிறது?

தோளில் போடும் துண்டை எடுத்துக்கொள்வோம். தோளில் கிடந்தால் அது பெரிய மனிதரின் அடையாளம். அதே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றால் பணிவு. சுருட்டித் தலைமேல் வைத்தால் சுமைக்குச் சும்மாடு. கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியாக உள்ளே வீசினால் "இந்த சீட்டுக்கு ஆள் இருக்கு" என்று அர்த்தம். துணி ஒன்றுதான். அது கிடக்கும் இடத்தைப் பார்த்துத்தான் அதன் பொருளைப் படிக்கிறோம். சொல்லும் அப்படித்தான்.

இதில் இன்னொரு வசதி, துண்டு என்ற சொல்லே ஸ்லாங்கில் இருக்கிறது. "அந்த வேலைக்கு அவன் எப்பவோ துண்டு போட்டு வச்சுட்டான்" என்கிறோம். "பிசினஸ்ல நஷ்டம், தலையில துண்டைப் போட்டுக்கிட்டுப் போயிட்டான்" என்கிறோம். இரண்டிலும் துணியே கிடையாது. முதல் வாக்கியத்துக்குள் ஒரு பஸ் சீட் இருக்கிறது. இரண்டாவதில் ஊருக்கு முகம் காட்ட முடியாமல் முக்காடு போட்டு நடக்கும் மனிதர் இருக்கிறார். துண்டு என்ற சொல்லை மட்டும் எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அதிலிருந்து "முன்பதிவு" என்ற பொருள் வராது. அது ஒரு காட்சியிலிருந்து வந்தது. பேசுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் அந்தக் காட்சி தெரிந்திருப்பதால், அதில் வரும் ஒரு பொருளின் பெயரைச் சொன்னாலே முழுக் காட்சியும் வந்துவிடுகிறது.

ஸ்லாங்கைப் புரிந்துகொள்ள இதுதான் அடிப்படை. புதுப்பொருள் சொல்லுக்குள்ளிருந்து முளைப்பதில்லை. அந்தச் சொல் புழங்கிய ஏதோ ஒரு காட்சியிலிருந்து வருகிறது.

## தண்ணி: ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை காட்சிகள்

இப்போது மிகச் சாதாரணமான ஒரு சொல்லைப் பார்ப்போம். தண்ணீர் என்பது தண் + நீர். தண் என்றால் குளிர்ச்சி. ஆக, சொல்லின்படி அது குளிர்ந்த நீர் மட்டுமே. ஆனால் வீடுகளில் "சுடுதண்ணி வை" என்கிறோம். சூடான குளிர்ந்த நீர்! யாருக்கும் உறுத்துவதில்லை, ஏனென்றால் "தண்" என்ற பகுதியின் பொருள் எப்போதோ தேய்ந்துபோய், எல்லா நீருக்கும் அது பொதுப்பெயர் ஆகிவிட்டது. ஸ்லாங் வருவதற்கு முன்பே இந்தச் சொல் ஒரு தடவை பொருள் மாறிவிட்டது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இதன் மேல்தான் மற்றவை ஏறுகின்றன. மேலதிகாரிக்குப் பிடிக்காதவரைத் "தண்ணியில்லாத காட்டுக்கு" மாற்றுகிறார்கள். வறண்ட, வசதியற்ற ஊர் என்பது நேரடியாகவே விளங்குகிறது. திருந்தாத பிள்ளையைப் பற்றி, "அவனை எப்பவோ தண்ணி தெளிச்சு விட்டாச்சு" என்று வீட்டில் சொல்வார்கள். கிடா வெட்டும் கோயில்களில் ஆட்டின் மேல் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்த ஆடு வளர்த்தவருடையது இல்லை. இதைப் பார்த்த ஒருவருக்கு அந்த வாக்கியத்தின் கசப்பு முழுவதும் புரியும். இதோடு உறவுள்ள இன்னொன்று "தலைமுழுகுதல்". சாவுக்குப் பிறகு தலைமுழுகிக் குளிக்கும் வழக்கத்திலிருந்து, "இனி நமக்கும் அவனுக்கும் ஒன்றுமில்லை" என்ற பொருள் வந்தது.

"மாட்டுக்குத் தண்ணி காட்டினான்" என்றால் தொட்டிக்கு ஓட்டிப்போய்க் குடிக்க விட்டான். "போலீசுக்குத் தண்ணி காட்டினான்" என்றால் பிடிபடாமல் அலையவிட்டான். வாக்கிய அமைப்பில் ஓர் எழுத்து வித்தியாசமில்லை. மாடா, போலீசா என்பது மட்டும்தான் பொருளைத் தீர்மானிக்கிறது.

இதைவிட நெருக்கமான உதாரணம் அடிபம்பு. தெருமுனை அடிபம்பில் குடத்தை வைத்துக் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டுகிற பெண்மணி, "தண்ணி அடிச்சுக்கிட்டு இருக்கேன்" என்பார். சுற்றி நிற்கும் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதே மூன்று சொல்லை ராத்திரி பத்து மணிக்கு போனில் ஒரு நண்பர் சொன்னால், நாம் குடத்தை நினைப்பதில்லை. சொற்கள் ஒன்றுதான், ஒலி ஒன்றுதான். யார், எங்கே, எப்போது என்பதுதான் வேறு.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் இருந்தால், ஒன்றிலிருந்து இரண்டாவது, இரண்டிலிருந்து மூன்றாவது என்று வரிசையாகப் பிறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மதுவுக்கும் மாற்றலுக்கும் பலிகிடாவுக்கும் என்ன சம்பந்தம் என்று தேடுகிறார்கள். ஒரு சம்பந்தமும் இல்லை. இவை எல்லாம் உடன்பிறப்புகள். சாதாரணத் தண்ணீரிலிருந்து தனித்தனிக் காட்சி வழியாகத் தனித்தனியே கிளைத்தவை. "தண்ணி வண்டி" (எப்போதும் குடிப்பவர்), "தண்ணி பார்ட்டி" இரண்டும் மட்டும் வேறு தலைமுறை. இவை நேராகத் தண்ணீரிலிருந்து வரவில்லை. மது என்ற பொருள் நிலைத்த பிறகு, அதன் மேல் கட்டப்பட்டவை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ஒரே சொல் வெவ்வேறு காட்சிகளிலிருந்து வெவ்வேறு பொருளை வாங்கிக்கொள்கிறது, பக்கத்தில் நிற்கும் சொல்லும் பேசும் சூழலும் எந்தப் பொருள் என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன.

## மது ஏன் தண்ணி ஆனது?

நேராகச் சொல்லக் கூச்சமாக இருப்பதை வேறு சொல்லால் மூடிச் சொல்வதற்கு இடக்கரடக்கல் என்று பெயர். "கால் கழுவி வந்தான்" என்பது பாடப்புத்தக உதாரணம். ஒரு கூட்டத்தார் வெளியாருக்குப் புரியாதபடி தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் பெயர் குழூஉக்குறி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இரண்டையும் தனித்தனி வழக்காகவே ஏற்றுக்கொள்கிறது. குழூஉக்குறிக்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணங்களைப் பாருங்கள். பொற்கொல்லர்கள் பொன்னைப் "பறி" என்றார்களாம். வேடர்கள் கள்ளுக்கு வைத்த பெயர் "சொல்விளம்பி". உள்ளே போனால் பேச வைத்துவிடும் என்பதால் அந்தப் பெயர். இன்றைய கல்லூரி விடுதியில் பிறந்திருந்தாலும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டோம். மதுவுக்கு மறைபெயர் வைக்கும் வேலை அவ்வளவு பழையது.

தண்ணி, சரக்கு, மருந்து எல்லாம் இந்த வகைதான். ஒரு குறிப்பான பொருளைச் சொல்லக் கூச்சப்பட்டு, அது அடங்கும் பெரிய வகையின் பெயரைச் சொல்கிறோம். மது ஒரு திரவம், எனவே தண்ணி. கடையில் விற்பது, எனவே சரக்கு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு 1937இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி, 1948இல் மாகாணம் முழுவதும் வந்தது. தமிழ்நாட்டில் 1971இல் தளர்த்தப்பட்டது. சட்டமே தடுக்கும்போது மறைபெயருக்குத் தேவை கூடும் என்பது வெளிப்படை. ஆனால் சட்டம் போன பிறகும் அப்பாவும் பெரியப்பாவும் வீட்டில் இருக்கிறார்களே. அதனால் தேவை குறையவில்லை.

மறைபெயருக்கு ஒரு விதி உண்டு: எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் அது எதையும் மறைப்பதில்லை. "தண்ணி" என்றால் என்ன என்று இன்று ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். உடனே புதுப் பெயர் தேவைப்படுகிறது. கழிப்பறையின் பெயர்களை வரிசைப்படுத்தினால் இது பளிச்சென்று தெரியும். டச்சு மொழியிலிருந்து வந்த கக்கூஸ் ஒரு காலத்தில் யாருக்கும் கூச்சம் தராத பிறமொழிச் சொல். அது அசிங்கமாகத் தோன்றத் தொடங்கியதும் லெட்ரின், டாய்லெட், பாத்ரூம், இப்போது ரெஸ்ட்ரூம். சின்னப் பிள்ளைகள் "அம்மா, பாத்ரூம் வருது" என்கிறார்கள். அறை எங்கே நடந்து வரும் என்று எந்த அம்மாவும் கேட்பதில்லை. இடத்தின் பெயர் அங்கே செய்யும் செயலுக்கு ஆகியிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

## குவார்ட்டரும் ஆகுபெயரும்

அந்த "ஆகியிருக்கிறது" என்பதுதான் அடுத்த வழி. ஒன்றின் பெயர் அதோடு தொடர்புடைய இன்னொன்றுக்கு ஆகி வருவது ஆகுபெயர். "ஊரே திரண்டது" என்றால் திரண்டது மக்கள். "இரண்டு லிட்டர் கொடுங்க" என்று பால்காரரிடம் கேட்டால் நமக்கு வேண்டியது லிட்டர் இல்லை, பால். அளவின் பெயர் பொருளுக்கு ஆகியிருக்கிறது. முகத்தல் அளவை ஆகுபெயர் என்று மனப்பாடம் செய்திருப்போம். 180 மில்லி புட்டிக்குக் குவார்ட்டர் என்று பெயர். அதில் பாதியை, அதாவது 90 மில்லியை, கட்டிங் என்கிறார்கள். "ஒரு குவார்ட்டர் அடிச்சான்" என்பதும் இலக்கணப்படி அச்சு அசலாக அதே முகத்தல் அளவை ஆகுபெயர். தேர்வில் எழுதினால் மதிப்பெண் போட வேண்டிய பதில்.

சிறைக்குப் போனதைச் சொல்லும் விதங்களும் இப்படித்தான். "கம்பி எண்றான்" என்பதில் சிறைக்கதவின் கம்பி சிறைவாசத்துக்கு ஆகிறது. "களி திங்கிறான்" என்பதில் அங்கே போட்ட சாப்பாடு ஆகிறது. "மாமியார் வீட்டுக்குப் போயிருக்கான்" என்பது மட்டும் வேறு சாதி. மாப்பிள்ளைக்கு விழுந்து விழுந்து உபசாரம் நடக்கும் இடத்தின் பெயரைக் கொண்டுபோய், அடி விழும் இடத்துக்கு வைத்திருக்கிறார்கள். தொடர்பால் வந்த பெயர் இல்லை இது. எதிர்மாறாகச் சொல்லிக் குத்துவது.

## அறுவை, பிளேடு, ரம்பம், மொக்கை

எனக்கு மிகப் பிடித்த வரிசை இது. ஒருவர் சளைக்காமல் பேசி நம்மைச் சோர்வடையச் செய்தால் "அறுக்கிறார்" என்கிறோம். பெயர்ச்சொல்லாக "அறுவை". கேட்பவரின் வேதனையை, கொஞ்சம் கொஞ்சமாக அறுபடுவதாகக் காட்டும் உருவகம். உருவகம் என்றால் ஒற்றுமை பார்த்து ஒன்றை இன்னொன்றாகவே சொல்லிவிடுவது. ஆகுபெயரில் இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். உருவகத்தில் ஒன்று இன்னொன்றின் சாயலில் இருந்தால் போதும்.

உருவகம் ஒரு தடவை பிடித்துக்கொண்டால் தனியாக நிற்காது, தன் குடும்பத்தையே கூட்டி வரும். பேச்சு அறுக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு, அறுக்கும் கருவிகளின் பெயர்கள் எல்லாம் இலவசமாகக் கிடைத்துவிடுகின்றன. "சரியான பிளேடு", "பிளேடு போடுறான்", "ரம்பம்". யாரும் உட்கார்ந்து விளக்கம் சொல்லத் தேவையில்லை. முன்னே இருந்த உருவகமே விளக்கம். நாளைக்கு ஒரு மாணவர் கருவிகளில் இன்னொன்றின் பெயரைச் சொன்னாலும் வகுப்பு உடனே சிரிக்கும்.

மொக்கை இதே கருவிப் பெட்டியிலிருந்து வந்தது போலத் தோன்றினாலும் அதன் பார்வை வேறு. முனை மழுங்கிய பென்சில் மொக்கை, கூர் போன கத்தி மொக்கை. "மொக்கை ஜோக்" என்று சொல்லும்போது குறை நகைச்சுவையின் மேல் விழுகிறது: அதற்குக் கூர் இல்லை. பிளேடு என்பது கேட்பவருக்கு வலிக்கிறது என்கிறது. மொக்கை என்பது சொல்லப்பட்டது குத்தவே இல்லை என்கிறது. கூராக இருப்பதும் கூர் இல்லாததும் ஒரே சலிப்பைக் குறிக்க வந்திருக்கின்றன, ஆளுக்கொரு பக்கத்திலிருந்து.

அப்புறம் மொக்கை தன் பாட்டுக்கு வளர்ந்தது. "மொக்கை போடுதல்" என்றால் பொழுதுபோகப் பேசுவது, "மொக்கை வாங்குதல்" என்றால் பலர் முன்னால் அவமானப்படுவது. போடு, வாங்கு என்ற இரண்டு வினைகள் ஒரே பெயரை இரு திசைக்குக் கொண்டுபோய்விட்டன. தமிழ் ஸ்லாங்கில் வினைகளுக்கு இந்த வேலை அதிகம். அடி என்ற வினையையே பாருங்கள்: அரட்டை அடி, காப்பி அடி, ஜால்ரா அடி, சைட் அடி, வெள்ளை அடி. எதிலும் யாருக்கும் அடி விழுவதில்லை. அந்த வினை தன் பழைய பொருளைப் பெரும்பாலும் உதிர்த்துவிட்டு, முன்னால் வரும் பெயரைச் செயலாக்கித் தரும் வேலையை மட்டும் செய்கிறது.

கடி ஜோக்கில் வரும் "கடி"யைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடி என்னும் உரிச்சொல்லுக்குக் காவல், கூர்மை, மணம், அச்சம், விரைவு, புதுமை, திருமணம் என்று நன்னூல் 13 பொருள் அடுக்குகிறது. பல்லால் கடிக்கும் கடி வேறு, அந்தக் கடி வேறு என்று வைத்துக்கொண்டாலும், ஒரே சொல் பல பொருளில் திரிவதைக் கண்டு நம் இலக்கணக்காரர்கள் பதறவில்லை, பட்டியல் போட்டு வைத்தார்கள் என்பது கவனிக்க வேண்டியது.

ஆக மூன்று வழிகள் பார்த்துவிட்டோம். கூச்சத்தால் மூடிச் சொல்வது இடக்கரடக்கல். பக்கத்தில் இருப்பதன் பெயரைச் சொல்வது ஆகுபெயர். சாயலைப் பிடித்துச் சொல்வது உருவகம். பெரும்பாலான ஸ்லாங் இவற்றில் ஒன்றில், அல்லது இரண்டின் சேர்க்கையில் அடங்கிவிடும்.

## பயங்கரம் எப்படிப் பாராட்டானது?

"படம் பயங்கரமா இருக்கு", "தாறுமாறு", "கொலைப்பசி". அச்சமும் குழப்பமும் கொலையும் குறித்த சொற்கள் இப்போது வெறும் "மிக" என்ற வேலையைச் செய்கின்றன. காரணம் எளிது. ஒன்றை மிகைப்படுத்திச் சொல்ல வலுவான சொல் தேவைப்படுகிறது. வலுவான சொல் என்றால் பயம், சாவு, அழிவு பக்கம்தான் கிடைக்கும். எல்லோரும் எடுத்துப் புழங்கியதும் அந்த வலு குறைகிறது, அடுத்த சொல்லைத் தேடுகிறோம். அதனால்தான் ஸ்லாங்கில் வேறெதையும்விட "மிக" என்பதற்கான சொற்கள் வேகமாக மாறுகின்றன. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறு சொற்களை "மிகுதி" என்ற ஒரே பொருளுக்கு நன்னூல் வரிசைப்படுத்துகிறது. அந்தக் காலத்திலும் ஒன்று போதவில்லை.

## சொல்பவர் யார்?

ஒரே சொல் ஓர் இடத்தில் சாதாரணம், இன்னோரிடத்தில் வசை. யாழ்ப்பாணத்தில் "பெடியன்", "பெட்டை" என்றால் பையன், பெண்பிள்ளை, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் பெட்டை என்பது விலங்கு, பறவைகளின் பெண்பாலுக்குரிய சொல். ஒரு பெண்ணைப் பார்த்துச் சொன்னால் சண்டைதான். இதில் எது சரி என்ற கேள்விக்கே இடமில்லை. இரண்டு சமூகங்களின் இரண்டு ஒப்பந்தங்கள் அவை.

உறவுப்பெயர்களிலும் இதைப் பார்க்கலாம். மச்சான், மாப்ள இரண்டும் திருமண உறவில் பிறந்தவை. விடுதி அறையில் எந்த உறவும் இல்லாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் அப்படித்தான் அழைக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களில் மச்சான் முறைக்காரரிடம்தான் கேலி பேசலாம். சித்தப்பாவிடம் பேச முடியாது. நண்பனோடு இருக்கும் அந்தக் கேலி உரிமைதான் இந்தச் சொல்லை இழுத்து வந்திருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதே சொல்லை ஓர் அலுவலகத்தில் மேலாளரிடம் சொல்லிப் பாருங்கள். பொருள் தெரிந்தும், உரிமை இல்லாததால், சொல் தப்பாகிவிடும். ஸ்லாங் சொல்லின் பொருளில் பாதி "நாம் இருவரும் ஒரே கூட்டம்" என்பதுதான். அகராதியைப் பார்த்து ஸ்லாங் பேசுகிறவர் ஒட்டாமல் நிற்பதற்கும் அதுவே காரணம்.

## ஆணி: பிறப்பைப் பார்த்த சொல்

பெரும்பாலான ஸ்லாங் எங்கே பிறந்தது என்று காட்ட முடியாது. ஆணி விதிவிலக்கு. 2001இல் வந்த பிரெண்ட்ஸ் படத்தில் வடிவேலு நேசமணி என்ற கான்ட்ராக்டராக வருவார். சுவரில் ஆணி பிடுங்கும் வேலையில் எது தேவையான ஆணி, எது தேவையில்லாத ஆணி என்று வாக்குவாதம் வரும். கடைசியில், பிடுங்கவே வேண்டாம் என்று அவர் அலுத்துக்கொள்வார்.

2000களின் நடுவில் தமிழ் வலைப்பதிவுகள் பெருகின. எழுதியவர்களில் பலர் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். "இந்த வாரம் ஆணி அதிகம், பதிவு போட முடியலை" என்று எழுத ஆரம்பித்தார்கள். ஆணி என்றால் ஆபீஸ் வேலை. இதில் என்ன நடந்திருக்கிறது? படத்தில் அது ஒரு குறிப்பிட்ட வேலை. இங்கே எந்த வேலைக்கும் பெயராகிவிட்டது. சிறியதன் பெயர் பெரியதற்கு ஆகி, பொருள் விரிந்திருக்கிறது. அதோடு அந்தக் காட்சியின் மனநிலையும் சேர்ந்து வந்திருக்கிறது: சொன்னபடி செய்தாலும் திட்டு விழும், செய்வதற்கு அர்த்தமும் இருக்காது என்ற அலுப்பு. "வேலை அதிகம்" என்பதில் அந்த அலுப்பு இல்லை. "ஆணி அதிகம்" என்பதில் இருக்கிறது. புதுச்சொல் நிலைத்ததற்குக் காரணமே இதுதான். ஏற்கெனவே இருக்கிற சொல் சொல்லாத ஒன்றை அது சொல்ல வேண்டும்.

2019 மே மாதம், ஒரு முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்டது. படத்தில் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுமே, அதை வைத்து ஒரு தமிழர் நேசமணியை இழுத்து பதில் போட, நேசமணிக்காகப் பிரார்த்திக்கும் ஹேஷ்டேக் உலக அளவில் டிரெண்ட் ஆனது. யார் இந்த நேசமணி என்று மற்றவர்கள் விழித்தார்கள். நன்னூல் சொல்லும் குழூஉக்குறி அன்று உலகத்தின் கண்முன்னால் நடந்துகாட்டியது.

ஆனால் ஆணியைப் பார்த்துவிட்டு, எல்லா ஸ்லாங்கும் சினிமாவில் பிறந்தது என்று முடிவு கட்டக் கூடாது. பல சமயம் வசனம் எழுதுகிறவர்கள் தெருவில் ஏற்கெனவே இருக்கும் சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். படம் அதைப் பரப்புகிறது. பரவிய இடத்தைப் பிறந்த இடம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். "கடலை போடுதல்", "பல்பு வாங்குதல்" இவற்றுக்கெல்லாம் ஆளுக்கொரு பிறப்புக் கதை சுற்றுகிறது. அப்படியொன்றைக் கேட்டால், கதையில் சொல்லும் தேதிக்கு முன்பே அந்தச் சொல் புழங்கியதா என்று மட்டும் விசாரியுங்கள். ஊரில் ஒரு பெரியவர் "இதை நாங்க படிக்கிற காலத்துலயே சொல்வோமே" என்று சொல்லிவிட்டால் கதை அதோடு முடிந்தது.

## பிறகு என்ன ஆகிறது?

பெரும்பாலான ஸ்லாங் அந்தத் தலைமுறையோடு போய்விடுகிறது. தப்பிப் பிழைப்பவை பொதுச்சொல்லாகிவிடுகின்றன. அதற்குப் பிறகு அவற்றைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. ஸ்லாங் தமிழைக் கெடுக்கிறது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லாததற்கு இதுதான் காரணம். பொருள் நகர்வதைக் கெடுதல் என்று சொன்னால், நாம் மரியாதையாகப் பேசும் தமிழிலும் பாதியைக் குற்றம் சொல்ல வேண்டியிருக்கும்.

நாற்றம் முன்பு மணம். கண்ணனின் வாய் "கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ" என்று ஆண்டாள் சங்கிடம் கேட்கிறாள். இன்று அந்தச் சொல்லில் நல்ல வாசனை கிடையாது. நல்ல பொருள் இப்படி இழிந்த பொருளாவதற்கு இழிபொருட்பேறு என்று பெயர், தாழ்ந்த பொருள் உயர்ந்தால் உயர்பொருட்பேறு. களித்தல் இந்த இரண்டாவது வகை. கள்ளோடு சேர்ந்த சொல் அது. திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் "களித்தறியேன் என்பது கைவிடுக" என்று வருகிறது. நான் குடித்து மயங்கியதே இல்லை என்று பொய் சொல்வதை விட்டுவிடு என்று பொருள். அந்தப் போதை மெல்ல வடிந்து மகிழ்ச்சி மட்டும் மிஞ்சிவிட்டது. இன்று பொருட்காட்சி விளம்பரத்திலும் சினிமா போஸ்டரிலும் "குடும்பத்துடன் கண்டு களியுங்கள்" என்று அச்சடிக்கிறார்கள், குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நாம் போகிறோம்.